காண வந்தவர்கள்

உப்பளச் சாலையில் முந்நூறு பெண்கள் முழக்கமிட்டபடி நடந்தார்கள். கேட்பதற்கு அங்கே இரண்டு ஆடுகள் இருந்தன. அவற்றில் ஒன்று பதாகையின் ஓரத்தைக் கடித்துப் பார்த்துவிட்டு, ருசிக்காமல் விலகிப் போயிற்று.

"திற, திற, வடகரைப் பிரசவ வார்டைத் திற" என்று முன்வரிசையில் குரல் கொடுத்துக்கொண்டிருந்தாள் தர்ஷினி. மூடப்பட்ட அந்த வார்டில் இருபது வருடம் செவிலியாக இருந்தவள். வெயில் உப்புப் பாத்திகளில் பட்டுக் கண்ணைக் கூசவைத்தது. தலைக்கு மேலே நகரவையின் பறவைக்கண் ஒன்று, உள்ளங்கை அளவே இருக்கும் பறக்கும் படக்கருவி, சத்தமில்லாமல் கூடவே வந்தது.

சாலை முடிந்த இடத்தில் எல்லோருடைய போனும் ஒரே நேரத்தில் ஒலித்தது. ஓர் இனிமையான பெண் குரல் பேசியது. "உங்கள் ஊர்வலம் இனிதே நிறைவுற்றது. இடையூறு சுழியம். நன்றி."

"நன்றி சொல்லுது பாருங்க சிஸ்டர்" என்றாள் பெனிட்டா. அவளும் அதே வார்டில் வேலை பார்த்தவள். பதாகையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "நம்ம கத்துனதுக்கு அந்த ஆடாவது ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லியிருக்கலாம்" என்றாள்.

பவழமுனை நகரத்தில் பல வருடங்களாக எந்த ஊர்வலத்துக்கும் அனுமதி மறுக்கப்பட்டதில்லை. காவல் நிலையத்தில் காத்திருக்க வேண்டாம், யாரையும் கெஞ்ச வேண்டாம். போனில் கேட்டால் போதும், வழிவகுப்பி என்ற பொறி அடுத்த நொடியே நாளும் நேரமும் பாதையும் சொல்லிவிடும். நகரத்துச் சாலைகள் அனைத்திலும் அதற்கு உணரிகள் இருந்தன. யார் எங்கே போகிறார்கள், ஒரு தெரு அடைபட்டால் யாருக்கு எவ்வளவு பொழுது வீணாகும் என்பதையெல்லாம் கூட்டிப் பார்த்து, மொத்தப் பொழுதிழப்பு மிகக் குறைவான பாதையைத் தேர்ந்தெடுக்கும். கட்சி என்றோ சங்கம் என்றோ சாதி என்றோ அது பார்க்காது. வேறு ஊர்களிலிருந்து அதிகாரிகள் வந்து வியந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

ஒன்றை மட்டும் யாரும் கவனிக்கவில்லை. அத்தனை வருடங்களில் எந்த ஊர்வலமும் கேட்டதைப் பெற்றதில்லை.

வடகரை வார்டை மூடும்போதும் நகரவை நல்ல காரணம்தான் சொன்னது. கழிமுகத்துக்குத் தென்கரையில் பெரிய மருத்துவமனை வந்துவிட்டது, பாலத்தைத் தாண்டினால் எல்லா வசதியும் உண்டு. ஆனால் அந்தப் பாலத்தில்தான், மீன்லாரிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்ட ஓர் ஆட்டோவில், சுபிக்‌ஷா என்ற பெண்ணுக்கு வலி எடுத்தது. ஆட்டோக்காரரின் போன் வழியாகத் தர்ஷினிதான் பிரசவம் பார்த்தாள். மூச்சை இழு, விடு, இப்போ முக்கு என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். தலை வந்துவிட்டது என்றார் ஆட்டோக்காரர். பிள்ளை வந்துவிட்டது என்றார். அதன்பிறகு ஓர் அழுகுரலுக்காக அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றாள். அது வரவில்லை.

ஊர்வலம் முடிந்த மறுநாள் காலை அவள் நகரவை அலுவலகத்துக்குப் போனாள். வழிவகுப்பியை வடிவமைத்த ஜோயல் அங்கேதான் அதன் பொறுப்பாளராக இருந்தார். ஐம்பது வயது இருக்கும். எதிரில் இருப்பவர் பேசி முடிக்கும்வரை குறுக்கிடாதவர் என்று பெயர் வாங்கியவர்.

"உங்க மெஷின் எங்களை ஆடு மேயிற இடத்துக்கு அனுப்பிருச்சு சார்."

"யாருக்கும் கஷ்டம் இல்லாத இடமாப் பார்த்து அனுப்பும் சிஸ்டர். அதோட வேலையே அதுதான்."

"யாருக்கும் கஷ்டமில்லாமக் கேட்டா யார் சார் தருவாங்க?"

ஜோயல் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு பேசினார். "எனக்கு அப்போ பத்தொம்பது வயசு. அப்பாவுக்கு நெஞ்சுவலி. ஆம்புலன்ஸ் கடைவீதியில நின்னுபோச்சு. முன்னால ஒரு பெரிய ஊர்வலம். நான் இறங்கி ஒவ்வொருத்தர் கையா பிடிச்சுக் கேட்டேன். கொடி பிடிச்சிருந்த ஒருத்தர், 'தம்பி, தலைவர் பேசி முடிச்சிரட்டும், அப்புறம் வழி விடுதோம்'னார். நல்ல மனுஷன்தான், கோபமாக்கூடச் சொல்லல. தலைவர் பேசி முடிக்கும்போது அப்பா இல்ல."

தர்ஷினி பாலத்தில் போன பிள்ளையைப் பற்றிச் சொல்லத்தான் வந்திருந்தாள். இவரிடமும் ஒரு சாவு இருக்கும் என்று நினைத்து வரவில்லை. மெதுவாகக் கேட்டாள்.

"தேர் மட்டும் கடைவீதி வழியாத்தான போகுது?"

"தேர் பார்க்க நிக்கிறவங்களுக்குப் பொழுது வீணாகல சிஸ்டர். பார்க்கத்தானே வந்திருக்காங்க. 'காண வந்தவருக்கு இடையூறில்லை'ன்னு ஒரு விதி போட்டு வெச்சிருக்கேன். இல்லைன்னா தேரையும் உப்பளத்துக்குத் திருப்பி விட்ரும்."

"அந்த விதி தேருக்கு மட்டுமா?"

ஜோயல் மேசைத் திரையில் அந்த விதியைத் திறந்து படித்தார். "தேருன்னு நான் எழுதல" என்றார் கடைசியில்.

"அப்போ, கடைவீதியில இருக்கவங்க எங்களைக் காண வாறோம்னு சொன்னா?"

"ஒவ்வொருத்தரும் முன்கூட்டியே அவங்கவங்க போன்ல சொல்லணும். ஆனா ஒருத்தரும் சொல்ல மாட்டாங்க சிஸ்டர். தனக்கு வேண்டாத ஒண்ணுக்காக யாரும் நிக்க மாட்டாங்க."

"நின்னா?"

"நின்னா வழி தரும்." அவர் முகம் இறுகியது. "ஆம்புலன்ஸ் வந்தா?"

"வழி விடுவோம்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க."

"நீங்களே வந்து நின்னு பாருங்க சார்" என்று எழுந்துகொண்டாள் தர்ஷினி.

அந்த வாரம் முழுவதும் வடகரைப் பெண்கள் கடைவீதியில் படியேறி இறங்கினார்கள். பதாகையும் இல்லை, முழக்கமும் இல்லை. "சனிக்கிழமை சாயங்காலம் அரை மணி நேரம் எங்களுக்காக நிக்கணும். போன்ல 'காண வருகிறேன்'னு சொன்னாப் போதும்." இதை மட்டுமே கேட்டார்கள். டீக்கடைக்காரர்கள் சட்டென்று ஒப்புக்கொண்டார்கள், கூட்டம் நின்றால் டீ விற்கும். பஸ் ஓட்டுநர்கள் தங்களுக்குள் பேசிவிட்டுச் சொல்வதாகச் சொன்னார்கள், சொன்னபடி வந்து சரி என்றார்கள். ஒரு நகைக்கடைக்காரர், "நின்னா எனக்கு என்ன லாபம்?" என்றார். "ஒண்ணும் இல்லண்ணே" என்றாள் பெனிட்டா. அவர் யோசித்துவிட்டு, இவ்வளவு உண்மையாக யாரும் தன்னிடம் பேசியதில்லை என்று சொல்லி போனை எடுத்தார்.

ஆனால் வழிவகுப்பி இன்னும் அசையவில்லை. கடைவீதியின் நடுவில் இருந்த ஜவுளி மாளிகைதான் காரணம். பெருநாளுக்கு முந்தைய சனிக்கிழமை, நான்கு மாடியிலும் கூட்டம் நிற்கும். அவர்கள் அத்தனை பேருடைய பொழுதும் கணக்கில் ஏறும். முதலாளி ரவூஃப் கையெடுத்துக் கும்பிட்டார். "நீங்க கேக்குறது நியாயந்தான் தாயி. ஆனா வருசத்துல எனக்கு அந்த ஒரு சாயங்காலந்தான். வேற எந்த நாள் வேணும்னாலும் கேளுங்க."

பெருநாள் துணி எடுக்க வரும் அந்த மாலையைத் தவிர, நகரவை உறுப்பினர்கள் யாரும் கடைவீதிப் பக்கம் வரமாட்டார்கள். சனிக்கிழமைதான் வேண்டும். தர்ஷினி திரும்பி நடந்தாள்.

அவள் படியிறங்குமுன் புடவைப் பிரிவிலிருந்து ஒரு பெண் வந்தாள். பெயர் கிருத்திகா. நிறைமாதத்துக்கு இன்னும் கொஞ்ச நாள் இருந்தது. ஒரு கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு, "முதலாளி, நாங்க எல்லாரும் போன்ல சொல்லிட்டோம். சனிக்கிழமை அரை மணி நேரம் வாசல்ல நிப்போம்" என்றாள். பின்னால் மற்ற விற்பனைப் பெண்கள் நின்றார்கள். பெரும்பாலும் வடகரைக்காரிகள்.

"நீங்க போயிட்டா யாரு புடவை எடுத்துப் போடுவா?"

"நீங்க போடுங்க முதலாளி. ரெண்டாவது தட்டுல காட்டன், மூணாவதுல பட்டு."

யாரோ சிரித்தார்கள். ரவூஃப் சிரிக்கவில்லை. அவளுடைய வயிற்றைப் பார்த்தார்.

"உனக்கு எப்போம்மா?"

"மாசிக் கடைசி."

"எந்த ஆஸ்பத்திரி?"

"பாலத்துக்கு அந்தப் பக்கம்தான். போய்ச் சேந்தா."

ரவூஃப் மேசை மேலிருந்த போனை எடுத்தார். மறுநாள் கடை வாசலில் ஒரு பலகை வைத்தார். 'சனி மாலை அரை மணி நேரம் விற்பனை இல்லை. எங்களோடு நின்று பாருங்கள்.' பலகையைப் பார்த்த வாடிக்கையாளர்கள் அங்கேயே நின்று போனில் சொல்லிவிட்டுப் போனார்கள். அன்று மாலை தர்ஷினியின் போனில் அந்த இனிமையான குரல் பேசியது. "உங்கள் ஊர்வலத்துக்கான பாதை கடைவீதி."

வடகரைப் பள்ளி மைதானத்தில் அவர்கள் ஒத்திகை பார்த்தார்கள். முழக்கத்தை அல்ல, விலகுவதை. இரண்டு வரிசையாக நடப்பது, நடுவில் ஒரு வண்டி போகும் அளவுக்கு இடம் விடுவது, பெனிட்டா கையை உயர்த்தினால் சட்டென்று ஓரம் போவது. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்தவர்களும் திரும்பத் திரும்பச் செய்து பழகினார்கள்.

சனிக்கிழமை வந்தது. கடைவீதியின் இரண்டு பக்கமும் மாடிகளிலும் படிக்கட்டுகளிலும் ஆட்கள் நின்றார்கள். பஸ்கள் வரிசையாக நின்றன, பயணிகள் ஜன்னல் வழியே தலையை நீட்டினார்கள். முந்நூறு பேராகப் புறப்பட்ட பெண்கள், தெருமுனையை அடையும்போது ஆயிரத்துக்கு மேல் ஆகியிருந்தார்கள். சுபிக்‌ஷா முன்வரிசையில் வெறுங்கையோடு நடந்தாள். அவளைக் கண்டதும் தெருவே ஒரு கணம் அடங்கியது. பிறகு யாரும் சொல்லித்தராமலே, பார்த்துக்கொண்டிருந்தவர்களும் குரல் கொடுக்கத் தொடங்கினார்கள். "திற, திற." நான்கு மாடி உயரத்திலிருந்தும் அந்தச் சத்தம் இறங்கி வந்தது. உப்பளச் சாலையில் காற்றோடு போன அதே சொற்கள்தானா இவை என்று தர்ஷினி தலையைத் தூக்கி மாடிகளைப் பார்த்தாள்.

அப்போது பின்னால் ஆம்புலன்ஸ் ஒலி கேட்டது.

பெனிட்டாவின் கை உயர்ந்தது. முழக்கம் நின்றது. இரண்டு வரிசைகளும் சுவரோடு ஒட்டிக்கொண்டன. பார்க்க வந்தவர்கள் அவர்களுக்கு இடம் விட்டுப் படிகளில் ஏறினார்கள், பழவண்டிக்காரர்கள் வண்டியைத் தூக்கியே நடைபாதையில் வைத்தார்கள். கடைவீதி ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை காலியாகத் திறந்து கிடந்தது. ஆம்புலன்ஸ் வேகம் குறையாமல் அதன் நடுவே போய் மறைந்தது.

மணிக்கூண்டின் கீழே நின்றிருந்த ஜோயல் விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டார். தர்ஷினி கூட்டத்தின் நடுவே அவரைப் பார்த்தாள். அவர் அழுதுகொண்டிருந்தார். முகத்தை மறைத்துக்கொள்ளவும் முயலவில்லை.

ஆம்புலன்ஸில் இருந்தது சிறுநீரகக் கல் வலியோடு போன ஒரு லாரி கிளீனர் என்று பிறகு தெரிந்தது. வண்டி போன வேகத்தைப் பார்த்துத் தான் பிழைக்கமாட்டோம் என்று நினைத்து, வீட்டுக்குப் போன் போட்டு எல்லோரையும் அழவைத்துவிட்டாராம்.

ஊர்வலம் முடிந்ததும் போன்கள் ஒலித்தன. "இடையூறு கணக்கிட இயலவில்லை" என்றது குரல். காண வந்தவர்களே ஊர்வலத்தோடு சேர்ந்து குரல் கொடுத்தால் யாரை எந்தக் கணக்கில் சேர்ப்பதென்று யாரும் அதற்குக் கற்றுத் தந்திருக்கவில்லை.

அடுத்த நகரவைக் கூட்டத்தில் எதிர்த்துப் பேச ஓர் உறுப்பினரும் எழவில்லை. வார்டு திறந்தது. மாசி மாதம் கிருத்திகாவுக்கு அங்கேதான் பெண் குழந்தை பிறந்தது. பிறந்ததும் அது போட்ட சத்தத்தில் பக்கத்து அறையிலிருந்த பெனிட்டா ஓடிவந்தாள். தர்ஷினி குழந்தையைக் கையில் வைத்துக்கொண்டு, "அழட்டும், விடு. நல்லா அழட்டும்" என்றாள்.

அதன்பிறகு பவழமுனையில் ஊர்வலங்களுக்கு உயிர் வந்தது. ஆட்டோ ஓட்டுநர்கள் படியேறி இறங்கி ஆதரவு கேட்டார்கள், நிழற்கூரையோடு நிறுத்தம் கிடைத்தது. பள்ளிப் பிள்ளைகள் கேட்டார்கள், விளையாட்டுத் திடல் கிடைத்தது. சனிக்கிழமை மாலை கடைவீதிக்குப் போய் நிற்பது ஊருக்கு ஒரு வழக்கமாகவும் பெருமையாகவும் ஆயிற்று. அடுத்த தேர்தலில் நகரவைத் தலைவர் இருக்கைக்குத் தர்ஷினியை நிறுத்தினார்கள். எதிர்த்து நின்றவரே அவளுக்கு ஓட்டுப் போட்டதாகச் சொல்லிக்கொண்டார்.

தலைவரான இரண்டாம் வருடம், அமினா என்ற பெண் அவளைப் பார்க்க வந்தாள். கடல் உயர்ந்து மூழ்கிப்போன தெற்குத் தீவுகளிலிருந்து வந்து, முகத்துவாரத்து மணலில் கொட்டகை போட்டிருந்தவர்களில் ஒருத்தி. யோசித்து யோசித்துத் தமிழ் பேசினாள்.

"நாங்கள் மேட்டுநிலம் கேட்கிறோம். ஊர்வலத்துக்குக் கேட்டோம். மீன்தூள் ஆலைக்குப் பின்னால் போகச் சொல்கிறது. விடியற்காலை."

"கடைவீதியில ஆதரவு கேட்டீங்களாம்மா?"

"எல்லாக் கடைக்கும் போனோம். தண்ணீர் கொடுத்தார்கள். போன் எடுக்கவில்லை."

மேட்டுநிலம் என்றால் அது தென்கரையின் புதுக் குடியிருப்பை ஒட்டிய நிலம். அவர்கள் அங்கே வருவதை ஊர் விரும்பவில்லை. தர்ஷினி நேராக ஜோயலிடம் போனாள்.

"மெஷின் கெட்டுப்போச்சா சார்?"

"இல்ல தலைவரம்மா. சரியாத்தான் இருக்கு." அவர் குரல் தாழ்ந்திருந்தது. "முன்னால எல்லாரையும் ஒண்ணுபோல ஒதுக்குச்சு. இப்போ ஊருக்குப் பிடிக்காதவங்களை மட்டும் ஒதுக்குது. நாம ரெண்டு பேரும் சேந்து கத்துக்கொடுத்ததுதான்."

அவள் அன்றிரவு சரியாகத் தூங்கவில்லை. காலையில், அந்த ஊர்வலத்தில் தானும் நடக்கப்போவதாக அறிவித்தாள். மதியத்துக்குள் ஊரே போனில் 'காண வருகிறேன்' என்று சொல்லிவிட்டது. பாதை கடைவீதிக்கு மாறியது.

சனிக்கிழமை மாலை அவள் அமினாவுக்குப் பக்கத்தில் நடந்தாள். மாடியிலிருந்து பூ விழுந்தது. "தலைவரம்மா" என்று பெண்கள் கூப்பிட்டார்கள், அவளோடு படம் எடுத்துக்கொள்ளக் குழந்தைகளை நீட்டினார்கள். தெரு அன்றைக்குப் போலவே நிறைந்திருந்தது. பின்னால் வந்த தீவுக்காரர்கள் ஆளுக்கொரு பாட்டிலைப் பிடித்துக்கொண்டு பேசாமல் நடந்தார்கள். அவர்களைக் கடந்து எல்லாப் பார்வையும் முன்வரிசைக்கே வந்தது.

"அம்மா" என்றாள் அமினா. "நீங்கள் ரொம்பப் பெரிய ஆள். உங்களுக்குப் பின்னால் எங்களைத் தெரியவில்லை."

தர்ஷினி நின்றாள். பிறகு ஊர்வலத்தை விட்டு விலகி, ஒரு மருந்துக்கடையின் படியில் ஏறி, அங்கே நின்றவர்களோடு நின்றுகொண்டாள். கூட்டம் அவள் பக்கம் திரும்பியது. யாரோ ஒருவர் மாலையை நீட்டினார். அவள் வாங்கவில்லை. அவர்களைப் பார்க்கவும் இல்லை. சாலையைப் பார்த்து நின்றாள்.

நிகழ்ச்சி முடிந்துவிட்டது என்று நினைத்துச் சிலர் கிளம்பினார்கள். அவர்களைப் பார்த்து இன்னும் சிலர். ஜோயல் கையிலிருந்த திரையோடு படியேறி வந்தார். "கலையுறாங்க. நின்னு பார்க்கிறவங்களைத்தான் மெஷின் கணக்குல எடுக்கும். இன்னும் கொஞ்சம் பேர் போனா, அடுத்த முச்சந்தியில ஆலைப் பக்கம் திருப்பி விட்ரும். ரெண்டு வார்த்தை பேசுங்க. நீங்க சொன்னா நிப்பாங்க."

"நான் சொல்லி நின்னா என்னைத்தான சார் பாப்பாங்க."

அவளுக்குப் பக்கத்திலேயே நின்று, திரையை அணைத்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு, அவரும் சாலையைப் பார்த்தார்.

கூட்டம் மேலும் மெலிந்தது. கீழ்ப்படியில் காய்கறிப் பையோடு நின்ற ஒரு நடுவயதுக்காரர், போவதற்குத் திரும்பியவர், என்னவோ நினைத்து நின்றார். கடந்துபோன ஒரு தீவுக்காரரிடம், "அந்தப் பாட்டில்ல என்ன?" என்று கேட்டார்.

"கடல் தண்ணீர்."

"கடல்லேருந்து எதுக்குங்க மெனக்கெட்டு எடுத்துட்டு வாறீங்க?"

"கடலில் எடுக்கவில்லை. கொட்டகைக்குள் எங்கள் அடுப்பிலிருந்து எடுத்தது. இன்று காலையில்."

அவர் பையைக் கீழே வைத்தார். பாட்டிலை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அடியில் கொஞ்சம் சாம்பல் படிந்திருந்தது. அதைப் பக்கத்தில் இருந்த பெண்ணிடம் கொடுத்தார். அவள் பார்த்துவிட்டு, கிளம்பிப் போய்க்கொண்டிருந்த தன் கணவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள்.

அவர் திரும்பி வந்தார். அவரோடு வேறு சிலரும் வந்தார்கள். ஊர்வலம் முச்சந்தியை நெருங்கியது, வழிகாட்டி விளக்கு ஆலைப் பக்கம் மின்னி, தயங்கி, நேர்ப்பக்கம் மாறியது. அமினா அதைக் கவனிக்கவில்லை. தன்னைப் பார்த்துக்கொண்டு நின்ற முகங்களைப் பார்த்தபடி அவள் நடந்துகொண்டிருந்தாள்.